கற்பனையும் மலையக வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் சித்திரமும் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இங்கே உள்ளன. சிலவற்றுக்கு வகுப்பறையில் நேரம் போதாமல் அரைகுறையாக விடை சொல்லியிருக்கிறேன். அந்தக் கடனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

கற்பனை என்றால் இல்லாததைச் சொல்வதுதானே?

ஆம், ஆனால் அந்த இல்லாதது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். நம்முடைய அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்று ஒன்று உண்டு. உலகத்தில் இல்லாத ஒரு பொருளைப் படைத்து அதை உவமையாக்குவது அது. சிறகு முளைத்த குதிரை என்று சொன்னால், குதிரையும் உண்டு, சிறகும் உண்டு, இரண்டின் சேர்க்கைதான் இல்லை. கண்டறியாத பொருளைக் கற்பனை செய்யும்போதுகூட மனம் கண்டறிந்த துண்டுகளையே எடுத்துக் கோக்கிறது. புனைதல் என்ற சொல்லுக்குத் தொடுத்தல், அலங்கரித்தல், செய்தல் என்ற பொருள்களெல்லாம் இருப்பது தற்செயலன்று.

தொல்காப்பியம் இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்பது அகத்திணையியல் சூத்திரம். புனைந்துரைப்பதும் உலகத்தில் உள்ளபடி சொல்வதும் சேர்ந்த இடத்தில்தான் பாட்டு பிறக்கிறது என்று அதை நான் விளங்கிக்கொள்கிறேன். இந்தப் பக்கம் முழுவதும் கற்பனை என்று நான் எழுதுவது, கையில் இருப்பதைக் கொண்டு இன்னும் இல்லாத ஒன்றைக் கட்டிப் பார்ப்பதைத்தான். கட்டிய பிறகு பாதைகள் பிரிகின்றன. பாடுபவர் அதைக் கேட்பவரிடம் ஒப்படைக்கிறார். விஞ்ஞானி சோதனையிடம் ஒப்படைக்கிறார். ஊர் அதை ஆண்டுதோறும் திரும்பச் செய்து தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

விஞ்ஞானம் கண்ணால் கண்டதைத்தானே பேசுகிறது? அங்கே கற்பனைக்கு என்ன வேலை?

நம் மலைகளில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் தென்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அந்த நோய் கோப்பி பயிரான மாவட்டமெங்கும் பரவியது. மழைதான் காரணம், மண் களைத்துவிட்டது, உரம் போதவில்லை என்று தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இதை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார்.

இலையில் இருந்த பொடியை எல்லோரும் கண்டார்கள். இலைக்கும் இலைக்கும் நடுவே இருந்த காற்றில் என்ன இருக்கிறது என்று வார்ட் எண்ணிப் பார்த்தார். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு பங்கசின் வித்தி. அது காற்றில் மிதந்து வேறோர் இலையில் இறங்கி, ஈரம் கிடைத்ததும் முளைத்து, இலைவாய் வழியே உள்ளே நுழைகிறது. இதுதான் அவர் மனதில் ஓடிய கதை. கதையோடு அவர் நின்றிருந்தால் அவரும் துரைமாரில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்று கொண்டுவந்து ஒட்டவைத்ததை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வித்திகள் அங்கே இருந்தன. நல்ல இலையில் வித்தியை இட்டு, அது முளைத்து உள்ளே போவதையும் பின்னர் அதே இடத்தில் புள்ளி தோன்றுவதையும் கண்டார்.

அவருடைய விடை துரைமாருக்குப் பிடிக்கவில்லை. தடுப்பில்லாத மலைச்சரிவுகளில் ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டதால் காற்றுக்கும் பங்கசுக்கும் நீங்களே பாதை போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்பதும் அந்த விடைக்குள் இருந்தது. மருந்து கேட்டவர்களுக்கு அவர் மருந்து தரவில்லை. கோப்பி அழிந்தது, அந்த நிலங்களில் தேயிலை வந்தது. இன்று நம் ஊர்களின் முகம் இப்படி இருப்பதற்கு, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளும் ஒரு காரணம்.

தெமோதரை வளையப் பாதை ஒரு கங்காணியின் தலைப்பாகையிலிருந்து பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதுளைக்குப் புகையிரதப் பாதை போடும்போது தெமோதரையில் ஒரு சிக்கல் வந்தது. இந்த மலைப்பாதையில் நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது கட்டுப்பாடு. ஆனால் நிலம் அதைவிடச் செங்குத்தாக விழுந்தது. என்ன செய்வதென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர யோசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்துத் தேயிலை மலையில் ஒரு கங்காணி (தொழிலாளரை மேற்பார்வை செய்பவர்) தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்தாராம். துணி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கீழே வருவதுபோலப் பாதையையும் சுற்றிவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியதாம். இன்றும் பதுளைக்குப் போகும் புகையிரதம் தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டு, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தின் வழியே போகிறது.

இது வாய்வழியாக வந்த கதை. ஆவணத்துக்குக் கொடுக்கும் எடையை இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. டார்ஜிலிங் மலைப்பாதையில் இதற்குப் பல்லாண்டுகள் முன்பே வளையங்கள் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் இந்தக் கதை ஏன் சாகாமல் இருக்கிறது என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. நம்முடைய தலைத்துணி ஒன்று இந்தப் பாதைக்குள் இருக்கட்டும் என்று மலை மக்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள். கங்காணியின் பெயர் மட்டும் கதையில் இல்லை. (கங்காணிமார் தோட்டத்தில் செய்த காரியங்களை நினைத்தால், அவருக்குக் கிடைத்த இந்தப் புகழே அதிகம் என்று என் பாட்டி சொல்லியிருப்பார்.)

விமலசுரேந்திரவின் கற்பனைக்குத் தலைப்பாகையைவிட உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. லக்சபானைப் பக்கத்து நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று கணக்குப் போட்டு, 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தார். அந்த மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அருவியை எல்லோரும் பார்த்தார்கள். அதில் விளக்கைப் பார்க்க ஒருவரும், அந்த விளக்கு எரிய முப்பத்திரண்டு ஆண்டுகளும் தேவைப்பட்டன. மின்கம்பிகள் தலைக்கு மேல் போன எத்தனையோ லயங்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அதன் பிறகும் வெகுகாலம் குப்பி விளக்குதான் எரிந்தது என்பதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

கனவில் விடை தோன்றுமா?

தோன்றலாம். நாமக்கல் நாமகிரித் தாயார் தனக்குச் சூத்திரங்களை அருளியதாகக் கணித மேதை இராமானுஜன் நம்பினார். அவர் நம்பிக்கையைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கனவுக்கு முன்பு அவர் பல ஆண்டுகள் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தார். கனவுக்குப் பிறகு, நிறுவல் எங்கே என்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி கேட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் தூங்குபவருக்கே கனவு பயன்படும்.

புதியதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாமா?

1867இல் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டபோது அவருக்குத் தொழிற்சாலை இருக்கவில்லை. பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை. பறித்த இலையை விறாந்தை மேசைகளில் போட்டுக் கையாலேயே உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரிநெருப்பின் மேல் காயவைத்தார்கள். 1872 அளவில் அவர் உருட்டும் இயந்திரம் ஒன்றையும் அமைத்துக்கொண்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. டெய்லரின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்த மேசைகளைச் சுற்றி நின்று, எவ்வளவு அழுத்தினால் இலை நசுங்கும், எவ்வளவு அழுத்தினால் கிழியும் என்று உள்ளங்கையால் கற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் இல்லை.

இன்றைய ஸ்டோரிலும் (தேயிலைத் தொழிற்சாலையிலும்) அந்தக் கையறிவு போய்விடவில்லை. உருட்டிய இலையில் கலங்கள் உடைந்து சாறு காற்றோடு சேர, பச்சை நிறம் செப்பு நிறமாகிறது. இதை வெகுகாலம் நொதித்தல் என்றே சொன்னார்கள். உண்மையில் நடப்பது ஒட்சியேற்றம். பெயர் தவறாக இருந்தபோதும் தேயிலை சரியாகத்தான் வந்தது. ஏனென்றால், போதும் என்று முடிவு செய்தது பெயரல்ல, டீமேக்கரின் மூக்கு. ஒரு டீமேக்கர் கைப்பிடி இலையை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடியதை நான் பார்த்திருக்கிறேன். என்ன பார்க்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். "கோப்பையிலே எப்பிடி இருக்கும்னு பாக்குறேன்" என்றார். இன்னும் காயாத இலையில் இன்னும் ஊற்றாத தேநீரைக் கண்டவர் அவர். 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் செய்வதும் இதே வேலைதான், எழுதி வைத்துச் செய்கிறது என்ற பெரிய வேறுபாட்டோடு.

சிவனொளிபாதமலையின் நிழல் ஏன் முக்கோணமாக விழுகிறது?

நல்லதண்ணி வழியாக இரவெல்லாம் படியேறி, உச்சியில் குளிரில் நடுங்கிக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பவர்கள், சூரியனைப் பார்த்து முடித்ததும் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். மேற்கே மூடுபனியின் மீதும் தாழ்ந்த மலைகளின் மீதும் அளந்து வெட்டியதுபோல ஒரு நீண்ட முக்கோணம் கிடக்கும். இறைவன் வரைந்த கோபுரம் என்று என் தாத்தா சொன்னார்.

மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பாக இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்தேன். அது காரணமில்லை. தட்டையான உச்சியுள்ள மலையின் மேல் நின்று பார்த்தாலும் நிழல் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். நிழல் பல மைல் தூரம் நீண்டு போகிறது. நாம் அதன் தொடக்கத்தில் நின்று அதன் நீளவாட்டில் பார்க்கிறோம். ஹட்டன் நிலைய மேடையில் நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வதுபோலத் தெரிகின்றன அல்லவா? நிழலின் இரண்டு ஓரங்களும் அப்படியே அடிவானத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால், தூரம் போகப்போக நிழலின் ஓரம் மங்கி, உச்சியின் மேடு பள்ளங்களும் கரைந்துவிடுகின்றன.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அப்ப தாத்தா சொன்னது பொய்யா சேர்?" என்று கேட்டாள். ஒரே பாதச்சுவட்டைச் சிவனுடையது, புத்தருடையது, ஆதத்துடையது என்று ஒவ்வொரு சமயத்தவரும் கண்டு வணங்கி, ஒரே படியில் ஏறி இறங்கும் மலை அது. அந்தக் கற்பனை இல்லாவிட்டால் நள்ளிரவில் அத்தனை பேர் அங்கே ஏறியிருக்கமாட்டார்கள்; ஏறியிராவிட்டால் நிழலை யார் பார்த்து ஏன் என்று கேட்டிருப்பார்கள்? கோபுரம் என்ற சொல் தாத்தாவை மேலே அழைத்துப் போனது. தண்டவாளக் கணக்கு என்னை மறுபடி ஒருமுறை அழைத்துப் போனது.

ஓய்வே இல்லாத தோட்ட வாழ்க்கையில் கலை எப்படி வளர்ந்தது? கலைக்கு ஓய்வு வேண்டுமே?

ஓய்வு இருந்தால் கலை வரும் என்பது ஓய்வு உள்ளவர்கள் சொல்லும் விதி. காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், தனக்குரிய செடி நிரையைப் பிடித்து, மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை வைத்துக் கொழுந்து எடுக்கும் கைகளுக்கு ஒரு தாளம் தானாகவே வந்துவிடுகிறது. அந்தத் தாளத்தில் சொல் ஏறும்போது பாட்டாகிறது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டதை அவர் முகத்துக்கு நேரே கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. பாட்டில் கேட்டால், யாரைச் சொன்னாய் என்று அவர் கேட்க முடியாது. வசையை உருவகத்தில் மறைத்து வைக்கும் திறமையை இந்த மக்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

கோப்பிக் காலத்துப் பாட்டு ஒன்று மலையகத்தில் பலருக்கும் தெரியும். பாடும் பெண் ஒரு மலையைக் கை நீட்டிக் காட்டுகிறாள். கோப்பிக் கன்று நட்ட மலை அது, அண்ணனைப் பறிகொடுத்த மலையும் அதுதான், அந்தா தெரிகிறது பார் என்கிறாள். பாட்டில் அழுகை என்ற சொல்லே இல்லை. எப்படிச் செத்தான் என்பதும் இல்லை. சுட்டும் விரலும் மலையும்தான் இருக்கின்றன. வரலாற்றுப் புத்தகம் பல பக்கங்களில் சொல்லும் செய்தியை நான்கு அடியில் அந்தப் பெண் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது வெறும் மலையாகத் தெரிய வழியில்லை.

ஒப்பாரியும் அப்படித்தான். படங்குச் சாக்கில் படுத்து எழுந்தவருக்குச் சாவு வீட்டில் பொன் கட்டிலும் வெள்ளி விளக்கும் சொல்லால் செய்து கொடுக்கிறார்கள். முதலிலே பார்த்த இல்பொருள் உவமைதான் இது. ஆனால் இங்கே அது அலங்காரமாக நிற்கவில்லை. கொடுக்கப்படாத ஒன்றின் கணக்காக நிற்கிறது.

இந்தப் பாட்டுகள் காற்றோடு போகாமல் இருப்பதற்கு, அவற்றைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு (1914–1984) நாம் கடன்பட்டிருக்கிறோம். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். துண்டுப் பிரசுரத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் பாட்டு காதில் ஏறியது.

காமன் கூத்து கலையா, வழிபாடா?

ஆடுபவரைக் கேட்டால் இந்தக் கேள்வியே அவருக்கு வியப்பாக இருக்கும். மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் நட்டு, விரதம் இருந்து, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மதனை எரித்து முடிப்பது வரை ஊரே அதில் பங்காளி. தவத்தில் இருக்கும் சிவன் மீது மதன் மலர்க்கணை விடுகிறான்; நெற்றிக்கண்ணில் எரிந்து போகிறான்; ரதி அழுது அவனை மீட்கிறாள். கதை எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு கூத்தில் ரதியாக ஆடியவர் ஸ்டோரில் வேலை செய்யும் ஓர் ஆண். மீசையை எடுத்திருந்தார். புலம்பல் தொடங்கியபோது முதலில் சிறுவர்கள் சிரித்தார்கள். பத்து நிமிடம் போனதும் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. என் அருகில் இருந்த ஒரு தாய், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வராத தன் மகளின் பெயரைச் சொல்லி அழுதார். ரதியின் துக்கம் ஒரு பாத்திரம்போல. அவரவர் கொண்டுவந்த துக்கத்தை அதில் ஊற்றினார்கள். அந்த ஆடவரின் குரல் உடைந்தபோது அது நடிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

பண்பாடு என்பது பழையதைப் பத்திரப்படுத்தி வைப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கடல் தாண்டி வந்தவர்கள் இந்தக் கூத்தைத் தலையில் சுமந்து வந்தார்கள். ஆனால் குளிருக்கும், லயத்துக்கும், தேயிலைக்கும் நடுவில் அதை மறுபடி கட்டியெழுப்பினார்கள். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் இப்படியே இங்கு வேர் பிடித்தன.

தப்பை ஏன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள்?

மூடுபனியில் தப்பு என்ற பறையின் தோல் ஈரத்தை வாங்கித் தொய்ந்து போகும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகும். இழுவை கூடினால் மீடிறன் (ஒரு செக்கனில் அதிரும் தடவைகள்) கூடும், ஒலி கூர்மையாகும். பௌதிகவியல் பாடத்தில் வரும் இந்தத் தொடர்பை, அதைப் படிக்காத கைகள் விரலால் தட்டிப் பார்த்தே சரி செய்கின்றன. விடிவதற்கு முன் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்புதான், சாவுக்கு அடித்ததும் தப்புதான், திருவிழாவில் ஆடவைப்பதும் தப்புதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. இருட்டில் லயத்துக்குள் படுத்திருப்பவர், என்ன நடக்கிறது என்பதை அடியைக் கேட்டே சொல்லிவிடுவார். இத்தனை பேசும் கருவியை அடிப்பவரைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்தியது நம் ஊர்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

விஞ்ஞானம் படிப்பவருக்குக் கலை ஒத்துவராது என்கிறார்களே?

ஆனந்த குமாரசுவாமியை எண்ணிப் பாருங்கள். 1877இல் கொழும்பில் பிறந்த அவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். படித்தது புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைத் திணைக்களத்தை நடத்தினார். 1904இல் சப்ரகமுவப் பகுதியில் தோரியனைற்று என்ற கனியத்தைக் கண்டறிந்தார். கதிர்த்தொழிற்பாடு கொண்ட அந்தக் கனியத்தை வைத்து மறு ஆண்டே லண்டனில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

கல்லைத் தேடிக் கண்டிய கிராமங்களில் அலைந்தபோது குமாரசுவாமியின் கண் கல்லோடு நிற்கவில்லை. அரக்குக் கடைசல், பாய் நெசவு, மரத்தூண்களின் செதுக்கல் ஆகியவற்றையும் கனியத்தைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்துக் குறித்துக்கொண்டார். 1908இல் கண்டியக் கைவினைகளைப் பற்றிய அவருடைய பெரும் நூல் வெளிவந்தது. பிறகு உலகம் அவரைக் கலை அறிஞராகவே அறிந்தது. அவர் தொழில் மாறினார் என்று சொல்வார்கள். பார்க்கும் முறை மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

கற்பனை எப்போதும் நன்மைதானா?

இல்லை. இந்த மலைகளுக்கு அது நன்றாகத் தெரியும். 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசுமாகக் கிடப்பதை, உரிமை நிரூபிக்கப்படாதவரை அரசின் சொத்தென்று கொண்டது. தலைமுறைகளாகக் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தும் விறகெடுத்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த கண்டியக் கிராமத்தவரின் நிலம், காகிதத்தில் வெற்றிடமாகக் கற்பனை செய்யப்பட்டது. வெற்றிடத்தை விற்பது எளிது. அந்த நிலத்தில் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோரைக் கூலி என்ற ஒரே சொல்லில் அடைத்ததும், 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதும் அதே வகைக் கற்பனையின் தொடர்ச்சிதான். எதிரே இருக்கும் மனிதரிடம் கேட்காமல், அவர் இன்னார் என்று முடிவு செய்துவிடும் கற்பனை அது.

அதற்கு எதிராகவும் கற்பனைதான் வேலை செய்தது. இந்தியத் தமிழர், தோட்டக்காட்டார் என்று பிறர் வைத்த பெயர்களை ஒதுக்கி, மலையகத் தமிழர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டது ஒரு படைப்புச் செயல். 2023இல், வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்து வந்த வழி அது. புத்தகத்தில் வாசித்திருக்கலாமே, ஏன் காலால் நடக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. முடிவு தெரிந்த கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்து, அவரவர் துக்கத்தை அதில் ஊற்றியவர்களைப் பற்றிச் சொன்னதுதான் இதற்கும் விடை.

என் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறது. சித்திரம், நாடகம் எல்லாம் நேர விரயம் இல்லையா?

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. லயத்தைவிட்டு வெளியே போகும் கதவு பரீட்சைதான். ஆனால் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஒரு பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மலையை வரையச் சொன்னேன். முப்பது பேரும் இரண்டு முக்கோணங்களை வரைந்து, நடுவில் கதிர் விரித்த அரைச் சூரியனை வைத்தார்கள். யன்னலுக்கு வெளியே ஏழெட்டு மலைகள் அடுக்கடுக்காக நின்றன. பக்கத்து மலை கடும் பச்சை, அதற்கு அடுத்தது சாம்பல் பச்சை, கடைசி மலை வானத்தோடு கரைந்த நீலம். மலையிலேயே பிறந்த பிள்ளைகள் மலையைப் பார்க்காமல் புத்தகத்துப் படத்தை வரைந்தார்கள். இதில் பிள்ளைகள் மீது பிழையில்லை. சித்திரப் பாடவேளையை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்ட எங்கள் மீதுதான் பிழை.

அடுத்த நாள் எல்லோரையும் வெளியே அழைத்துப் போனேன். எது கிட்ட, எது தூரம், எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன். தூரம் போனால் நீலமாகிறது என்று ஒருவன் சொன்னான். ஏன் என்று இன்னொருத்தி கேட்டாள். ஒளி காற்றில் சிதறுவதை அங்கேயே, புல்லில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தேன். சித்திர வகுப்பாகத் தொடங்கியது விஞ்ஞான வகுப்பாக முடிந்தது. ஒருவன் மட்டும் அதற்குப் பிறகும் முக்கோணமே வரைந்தான். அவனுக்கு அது வசதியாக இருந்தது போலும்.

எங்கள் பாட்டியிடம் பழைய பாட்டுகள் இருக்கின்றன. எப்படிப் பதிவு செய்வது?

தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். தொடங்கும்போது நாள், தோட்டம், பாடுபவரின் வயது ஆகியவற்றை நீங்களே பேசிப் பதிந்துவிடுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதமாட்டீர்கள். ஒரே பாட்டை அவர் இரண்டு முறை இரண்டு விதமாகப் பாடினால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது சரியான பாடம் என்று கேட்டு அவரைக் குழப்ப வேண்டாம். பேச்சுவழக்கைத் திருத்தி எழுதாதீர்கள். வெளியிடுவதற்கு முன்பு அவரிடம் கேளுங்கள், குறிப்பாக ஒப்பாரி என்றால்; அது ஒரு குறிப்பிட்ட மனிதருக்காகப் பாடப்பட்டது.

பாடுங்கள் பாட்டி என்று சொல்லித் தொலைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினால், எல்லாம் மறந்து போச்சு என்றுதான் விடை வரும். ஒரு கட்டுக் கீரையை ஆய்வதற்கு அவரிடம் கொடுங்கள். கொழுந்துக்குப் போன காலத்தில் எந்த நிரை உங்களுக்கு, பக்கத்து நிரையில் யார், புள்ளமடுவத்தில் (பிள்ளைக் காப்பகத்தில்) யாரை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கை வேலையில் இறங்கிய பிறகு, கேட்காமலே ஓர் அடி வரும். அப்போது தொலைபேசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.